தோட்டத்து வீட்டில் விருந்தினர் தங்க அறை விடுவது எப்படி?

பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தென்னந்தோப்புகளில் உள்ள பழைய ஓட்டு வீடுகள் பெரிய குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் சென்ற பின், அவற்றில் இரண்டு மூன்று அறைகள் உர மூட்டையும் கொப்பரைச் சாக்கும் போட்டு வைக்கும் இடமாக மாறிவிடுகின்றன. மறுபுறம், ஆழியாறு, டாப்சிலிப், வால்பாறை ஆகிய இடங்களைப் பார்க்க வரும் நகரத்துக் குடும்பங்கள், ஓரிரு நாள் தோப்பில் தங்கிச் செல்ல வீடு தேடுகின்றன.

2016ஆம் ஆண்டில் இப்பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும், வேர் வாடல் நோயும் தென்னை விவசாயிகளுக்குப் பெரும் நட்டத்தை உண்டாக்கியுள்ளன. தேங்காய் விலையும் நிலையாக இருப்பதில்லை. எனவே, சும்மா கிடக்கும் அறைகளை விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விட்டுத் துணை வருமானம் பெறலாமா என்று பல விவசாயிகள் யோசிக்கிறார்கள்.

பெறலாம். ஆனால் இதுவும் கறவை மாடு வளர்ப்பதைப் போன்ற ஒரு தொழிலே. கொட்டகை, தீவனம், தண்ணீர், ஆள் என எல்லாவற்றையும் கணக்கிட்ட பிறகே மாடு பிடிக்கிறார்கள். அறை விடுவதற்கும் அதே முன்யோசனை தேவை. தண்ணீர், கழிப்பறை, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்து, அலங்காரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்பவர்களுக்கு இதில் நட்டம் வருவது அரிது. வரிசையை மாற்றிச் செய்தால் போட்ட பணம் சுவரிலேயே தங்கிவிடும்.

எந்த வீடு ஏற்றது?

குடும்பம் குடியிருக்கும் வீட்டிலோ, அதே தோட்டத்தில் அருகிலுள்ள கட்டடத்திலோ காலியாக இருக்கும் அறைகளே இதற்கு ஏற்றவை. மத்திய சுற்றுலா அமைச்சகம் இத்தகைய தங்கும் வீடுகளுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. ஓர் அறை முதல் 6 அறைகள் வரை, 12 படுக்கைகளுக்கு மேற்படாமல் விடலாம். ஆளில்லாத தோட்டத்து வீட்டைப் பூட்டிச் சாவியை மட்டும் கொடுத்து அனுப்புவது இதில் சேராது. அது பாதுகாப்பும் அல்ல. இரவில் மின்சாரம் நின்றாலும், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள் வர வேண்டும்.

தோட்டத்துக்கு வரும் பாதை யாருடையது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். பல தோட்டங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தார் நிலத்தின் வழியே வண்டித் தடம்தான் உண்டு. மாட்டு வண்டியும் டிராக்டரும் போய்வர ஒப்புக்கொண்டவர், வாரந்தோறும் நான்கு கார்கள் போய்வர ஒப்புக்கொள்வார் என்று சொல்ல முடியாது. தொடங்கும் முன்பே அவரிடம் பேசி, முடிந்தால் எழுத்து மூலம் சம்மதம் பெற்றுக்கொள்வது நல்லது. நிலமும் வீடும் அண்ணன் தம்பி கூட்டுப் பட்டாவில் இருந்தால் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும். வருமானம் வரத் தொடங்கிய பிறகு எழும் தகராறு எளிதில் தீராது.

தண்ணீர் போதுமா?

நகர மக்களுக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை என்று கணக்கிடுவது வழக்கம். இரண்டு அறைகளில் 4 பேர் தங்கினால் 540 லிட்டர் ஆகும். சொட்டுநீர் முறையில் கோடையில் காய்ப்பிலுள்ள ஒரு தென்னைக்கு நாளொன்றுக்குச் சுமார் 65 லிட்டர் எனக் கொண்டால், 4 விருந்தினர்களின் தண்ணீர் ஏறக்குறைய 8 தென்னைகளின் தண்ணீருக்குச் சமம். கோடையிலும் கிணறு தாங்குமானால் இது பெரிய அளவல்ல. மார்ச் மாதத்திலேயே கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் தோட்டங்கள் இத்தொழிலில் இறங்காமல் இருப்பதே மேல். ஏனெனில், விருந்தினர் மிகுதியாக வருவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான்.

1,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்றை விருந்தினர் அறைகளுக்கென்று தனியே வைக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் உரம் கலந்து விடும் தோட்டங்களில், அந்தக் குழாய்க்கும் வீட்டுக் குழாய்க்கும் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது.

கிணற்று நீரைத் தொடங்கும் முன் ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் சோதித்துக்கொள்வது அவசியம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் இதற்கு வசதி உண்டு. பாசனக் கிணறு பெரிது. தினமும் நீர் இறைக்கப்படுவது. ஆகையால் கிணற்றுக்கு மருந்து போடுவதைவிடத் தொட்டிக்குப் போடுவது எளிது. தரமான பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். இது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. தூளை அப்படியே கொட்டக் கூடாது. முதலில் சிறிது நீரில் குழைத்து, பிறகு வாளி நீரில் கலந்து, 10 நிமிடம் தெளியவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைத் தொட்டியில் சேர்த்தால் நீரின் கடினத்தன்மை கூடும். மருந்து கலந்து ஒரு மணி நேரம் கழித்தே நீரைப் பயன்படுத்த வேண்டும்.

வீட்டுக்கென்று தனியாகச் சிறு கிணறு இருந்தால், விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, அதை மீண்டும் 0.785ஆல் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீரும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 28 கன மீட்டர், அதாவது 28,000 லிட்டர் நீர் இருக்கும். இதற்கு 70 கிராம் பவுடர் தேவை. குடிப்பதற்கு இதையும் கொதிக்க வைத்து ஆற்றியே கொடுக்க வேண்டும்.

கழிப்பறையே முதல் செலவு

நகரத்திலிருந்து வருகிறவர்கள் சிறிய அறையைப் பொறுத்துக்கொள்வார்கள்; அழுக்கான கழிப்பறையைப் பொறுக்க மாட்டார்கள். எனவே கையிலுள்ள பணத்தில் முதல் பங்கு கழிப்பறைக்கே போக வேண்டும். அறையோடு சேர்ந்த கழிப்பறையும் குளியலறையும், உள்ளே நல்ல வெளிச்சமும், வழுக்காத தரையும், காற்றோட்டச் சன்னலும் இருக்க வேண்டும். வயதானவர்கள் வருவார்கள், ஆதலால் உட்காரும் வகைக் கழிப்பறையும், சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்தல் நலம்.

கழிவுநீர் இறங்கும் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 60 அடி இடைவெளி வேண்டும். நிலத்தின் சரிவில் கிணறு மேலேயும் குழி கீழேயும் அமைய வேண்டும். நீர் நன்கு இறங்கும் மண்ணாக இருந்தால் இரட்டைக் குழி முறை விவசாயிக்கு ஏற்றது. ஒரு குழி நிரம்பியதும் மறு குழிக்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை இரண்டு ஆண்டுகள் மூடி வைத்தால் உள்ளே இருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். அதை எடுத்துத் தென்னைக்கு இடலாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும் வாய்க்கால் ஓரத் தோட்டங்களுக்கும், நீர் இறங்காத களிமண்ணுக்கும் இம்முறை ஒத்துவராது. அங்கே முறையான செப்டிக் டேங்க் கட்ட வேண்டும். அமிலத்தையும் பினாயிலையும் அளவின்றி ஊற்றினால் மலத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்து குழி விரைவில் நிரம்பிவிடும்.

குளியல் நீரைக் கழிப்பறைக் குழியில் விடாமல் தனி வாய்க்காலில் வாழைக்கும் சேம்புக்கும் பாய்ச்சலாம். ஒரே இடத்தில் தேங்காமல் பாத்தி மாற்றிவிட்டால் கொசு சேராது.

கூரையும் சுவரும்

பழைய ஓட்டு வீட்டை இடித்துக் காங்கிரீட் போடுவது வீண் செலவு. தோப்புக்கு வருகிறவர் ஓட்டு வீட்டில் தங்கத்தான் வருகிறார். உடைந்த ஓடுகளை மாற்றி, கரையான் அரித்த ரீப்பர்களைக் கழித்துப் புதியவை அடித்தால் போதும். அறைக்கு இரண்டு கண்ணாடி ஓடுகள் வைத்தால் பகலில் விளக்கு தேவைப்படாது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துகள் வழியே எலியும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். அவற்றைக் கம்பி வலையால் அடைக்க வேண்டும்.

மண் சுவருக்கும் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் சுண்ணாம்பு அடிப்பதே பொருத்தம். இச்சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளியே விடுகிற தன்மை உடையவை. இவற்றின் மேல் பளபளக்கும் பெயிண்ட் அடித்தால் உள்ளே தங்கும் ஈரம் ஒரே மழைக்காலத்தில் பெயிண்டைக் கொப்புளமாக உரித்துவிடும். சன்னல்களுக்கும் கதவுகளுக்கும் கொசுவலை கட்டாயம் வேண்டும். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் கொட்டாங்கச்சி, பழைய டயர், உடைந்த தொட்டி ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் கொசு முட்டையிட்டுச் சுமார் ஒரு வாரத்தில் பெருகிவிடும். வாரம் ஒரு நாள் இவற்றைக் கவிழ்த்து வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அறையில் கட்டில், மெத்தை, ஒரு மேசை, நாற்காலி, துணி மாட்டும் கொக்கி, உட்புறத் தாழ்ப்பாள், மின்விசிறி ஆகியவை போதும். இலவம்பஞ்சு மெத்தை குளிர்ச்சியானது. ஆனால் மாதம் இருமுறை வெயிலில் காயவைத்துத் தட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் விரிப்பும் தலையணை உறையும் மூன்று சோடி வேண்டும். ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று பெட்டியில் என்று இருந்தால்தான் மழை நாளில் ஈர விரிப்பைப் போடும் நிலை வராது. வெள்ளை விரிப்பே நல்லது. துவைத்தது கண்ணுக்குத் தெரியும்.

கிணறும் மின்சாரமும்

தோட்டத்துக் குழந்தைகள் கிணற்றைக் கண்டு வளர்ந்தவர்கள். நகரத்துக் குழந்தைகள் அப்படி அல்ல. கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறு அவர்களுக்குப் பெரும் ஆபத்து. விருந்தினரை ஏற்கும் முன் கிணற்றைச் சுற்றி 4 அடிக்குக் குறையாமல் சுவர் எழுப்பியோ கம்பி வேலி அடைத்தோ, படி இறங்கும் இடத்தில் பூட்டுப் போட்ட கதவு வைக்க வேண்டும். வாய்க்கால், பண்ணைக் குட்டை, நீர் நிரப்பும் தொட்டி ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை. ஆசைப்பட்டு யார் கேட்டாலும் கிணற்றில் குளிக்க அனுமதிக்கக் கூடாது. இதற்குப் பணமில்லை என்றால், பணம் வரும் வரை விருந்தினரையும் ஏற்காமல் இருக்க வேண்டும்.

பழைய வீடுகளின் மின்கம்பிகள் இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போட்டவை. தண்ணீர் சூடேற்றும் கருவியை அவை தாங்கமாட்டா. புதிய கம்பியும் நல்ல எர்த்தும் போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்த வேண்டும். விவசாய மோட்டாருக்கான இலவச மின் இணைப்பிலிருந்து விருந்தினர் அறைக்குக் கம்பி இழுப்பது குற்றம். அந்த இணைப்புக்கே ஆபத்து வரும். அறைகளுக்கு எந்தக் கட்டண விகிதம் பொருந்தும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, அதற்குரிய இணைப்பைப் பெற வேண்டும்.

வெந்நீருக்குச் சூரிய ஒளிக் கருவி நல்லது. வெளியே விறகடுப்பில் அண்டா வைப்பதும் தோட்டத்துக்கு ஏற்றதே. காற்றுப் போக்கில்லாத குளியலறைக்குள் கேஸ் கருவி வைக்கவே கூடாது. அதில் உண்டாகும் நச்சு வாயுவுக்கு மணமில்லை. குளிப்பவர் அறியாமலே மயங்கி உயிரிழக்க நேரும்.

மருந்து, பாம்பு, தேங்காய்

இதுவரை கிடங்காக இருந்த அறையைத் தங்கும் அறையாக மாற்றுவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பூச்சி மருந்து வைத்திருந்த அறையின் தரையைக் கழுவினால் மட்டும் போதாது. மேல்பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். அப்படிப்பட்ட அறையைத் தவிர்த்து வேறு அறையை ஒதுக்குவது இன்னும் நல்லது. தானிய மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை, ஆட்கள் படுக்கும் அறைக்கு அடுத்த அறையில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஈரக் காற்றுப் பட்டதும் அது வெளியிடும் பாஸ்பைன் வாயு, கதவிடுக்கு வழியே பரவி உறங்குகிறவர்களின் உயிரைப் போக்கவல்லது. மருந்துகள் அனைத்தையும் வீட்டைவிட்டுத் தள்ளித் தனிக் கொட்டகையில் பூட்டி வைக்க வேண்டும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் தோட்டங்களில் காணப்படுபவை. விறகு, மட்டை, உரிமட்டைக் குவியல்களை அறைகளிலிருந்து தொலைவில் அடுக்கி, நடைபாதையில் புல்லை ஒட்ட வெட்டி, இரவில் விளக்கெரிய விட வேண்டும். அறைக்கு ஒரு டார்ச் விளக்கு கொடுப்பது கடமை. கடிபட்டால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அது எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம் என்பதை எழுதி அறையில் ஒட்டி வைப்பது நல்லது.

தென்னை மரத்தடியில் கட்டில் போடுவதும், ஊஞ்சல் கட்டுவதும், கார் நிறுத்துவதும் கூடாது. முற்றிய தேங்காயும் காய்ந்த மட்டையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. உட்காருவதற்கு மா, புளி, வேம்பு நிழலைப் பயன்படுத்தலாம். உலர்ந்த ஓலை கிடக்கும் தோப்பில் இரவுத் தீ மூட்டம் வேண்டாம். மலையடிவாரத் தோட்டங்களில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே இருட்டிய பின் விருந்தினரை வெளியே நடக்க விடக் கூடாது. வன எல்லையை ஒட்டிய தோட்டத்தார் வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இத்தொழிலைத் தொடங்க வேண்டும்.

விவசாய வேலையைத் தள்ளிப்போடக் கூடாது

தேங்காய் பறிப்பு ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு முறை வரும். பறிப்பு நாட்களையும் மருந்து தெளிக்கும் நாட்களையும் முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து, அந்த நாட்களில் அறை விடாமல் இருக்க வேண்டும். விருந்தினருக்காக மருந்து தெளிப்பை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பூச்சி காத்திருக்காது. அறை வாடகையில் வருவதைவிட மரத்தில் போவது அதிகமாகிவிடும்.

மாட்டுக் கட்டுத்தரையைக் காண நகரத்துக் குழந்தைகளுக்கு ஆசை இருக்கும். கோமாரி நோய் பரவும் காலத்தில் யாரையும் உள்ளே விடக் கூடாது. மற்ற நாட்களிலும் வாசலில் 10 லிட்டர் நீருக்கு 400 கிராம் சலவை சோடா கலந்த கரைசலில் காலணியை நனைத்துவிட்டு வரச் சொல்வது நல்ல வழக்கம்.

சாப்பாடும் பெண்களின் உழைப்பும்

காலைச் சிற்றுண்டி மட்டும் கொடுப்பதா, மூன்று வேளையும் சமைப்பதா என்பதை வீட்டுப் பெண்களே முடிவு செய்ய வேண்டும். கறவை, சமையல், களை வேலை எல்லாம் பார்க்கும் பெண்ணின் தலையில் நான்கு பேர் சமையலையும் எட்டு விரிப்புத் துவைப்பையும் ஏற்றிவிட்டு, இதில் செலவே இல்லை என்று சொல்வது தவறான கணக்கு. வெளியாள் வைத்தால் என்ன கூலியோ, அதைச் செலவில் எழுதி வீட்டுப் பெண்ணிடமே கொடுப்பதுதான் முறை. முடியாத இடங்களில் காலைச் சிற்றுண்டியும் இளநீரும் கொடுத்து, மற்ற வேளைக்கு ஊர்ச் சாப்பாட்டுக் கடையைக் காட்டிவிடலாம். உணவு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

2019 சனவரி முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. வாழை இலையும் எவர்சில்வர் தம்ளரும் தோட்டத்தில் இருக்கும்போது அவை தேவையும் இல்லை.

பதிவும் வரியும்

ஊராட்சி அலுவலகத்தில் தெரிவித்து உரிய உரிமமும் வரி மாற்றமும் பெற வேண்டும். சுற்றுலாத் துறையில் தங்கும் வீடாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. மத்திய அமைச்சகத்தின் அங்கீகாரம் தங்கம், வெள்ளி என இரு தரங்களில் உண்டு. தங்குகிறவர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, வந்த நாள், சென்ற நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அடையாளச் சான்றின் நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு இணையம் வழியே தெரிவிப்பது கட்டாயம்.

தோட்டத்து வீடாக இருப்பதால் இந்த வாடகை விவசாய வருமானம் ஆகிவிடாது. வருமான வரிக் கணக்கில் இதைக் காட்ட வேண்டும். ஆண்டு மொத்த வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் தேவைப்படும்.

வரவு செலவு

கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. அவரவர் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டு அறைக்கு முதல் செலவு:
கழிப்பறை, குளியலறை, குழி – ரூ. 1,60,000
கட்டில், மெத்தை, விரிப்பு – ரூ. 80,000
கூரை, சுவர் பழுது – ரூ. 60,000
மின்கம்பி வேலை – ரூ. 40,000
கிணற்றுச் சுவர், கதவு – ரூ. 35,000
தொட்டி, குழாய் – ரூ. 25,000
மொத்தம் – ரூ. 4,00,000

ஓர் அறை ஆண்டுக்கு 90 இரவுகள் நிரம்பினால் இரண்டு அறைக்கு 180. இரவுக்கு ரூ. 1,500 வீதம் வரவு ரூ. 2,70,000.

ஆண்டுச் செலவு:
சிற்றுண்டி, சலவை, மின்சாரம் (இரவுக்கு ரூ. 400) – ரூ. 72,000
துணையாள் கூலி (மாதம் ரூ. 5,000) – ரூ. 60,000
பழுது, வெள்ளையடிப்பு – ரூ. 28,000
முன்பதிவுத் தரகு – ரூ. 20,000
மொத்தம் – ரூ. 1,80,000

மிச்சம் ரூ. 90,000. போட்ட முதல் திரும்ப ஏறக்குறைய நாலரை ஆண்டு ஆகும். நான்கு லட்சத்தையும் நூற்றுக்கு 12 வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் ஆண்டு வட்டி மட்டும் ரூ. 48,000. கையில் நிற்பது ரூ. 42,000.

இரவுகள் 90க்குப் பதில் 50 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? வரவு ரூ. 1,50,000. சிற்றுண்டியும் தரகும் குறையும். கூலியும் பழுதும் குறையாது. செலவு சுமார் ரூ. 1,39,000. மிச்சம் ரூ. 11,000. கடன் வாங்கியவர் வட்டிக்கே தேங்காய்ப் பணத்தை எடுக்க வேண்டி வரும்.

2025-26ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் தங்கும் வீடுகளுக்கு முத்ரா கடன் அறிவிக்கப்பட்டது. கடன் கிடைக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் வாங்கிவிடக் கூடாது. முதல் ஆண்டு ஓர் அறையை மட்டும் கைப்பணத்தில் சீர்செய்து விட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை இரவுகள் நிரம்பின என்ற சொந்தக் கணக்கு கையில் இருக்கும்போது, இரண்டாவது அறைக்குக் கடன் வாங்கலாமா என்பதற்கு விடை தானே கிடைத்துவிடும்.

எப்போது தொடங்கலாம்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், சனவரியில் குழி, கழிப்பறை வேலையைத் தொடங்கலாம். பிப்ரவரியில் ஓடு மாற்றி மின்கம்பி வேலையை முடித்து, மார்ச்சில் சுண்ணாம்பு அடித்து, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் வீட்டார் இருவர் அந்த அறையிலேயே இரண்டு இரவு படுத்துப் பார்ப்பது மிகவும் பயன்தரும். குழாய் ஒழுகுவதும், விசிறி சத்தமிடுவதும், வடிகால் அடைப்பதும் அப்போது தெரிந்துவிடும். பள்ளி விடுமுறைக்கு அறை தயாராகிவிடும். சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் கூரையின் குறைகளைச் சரிசெய்யவும் நாள் இருக்கும்.

நகரத்தில் விடுதிகளுக்குக் குறைவில்லை. தோட்டத்து வீட்டுக்கு வருகிறவர் இறைக்கிற கிணற்றையும், காய்க்கிற மரத்தையும், கறக்கிற மாட்டையும் பார்க்க வருகிறார். தோப்பு செழிப்பாக இருக்கும் வரைதான் அறைக்கு வாடகை உண்டு. ஆகவே அறையில் வரும் மிச்சத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் தோப்புக்கே எருவாகவும் தென்னங்கன்றாகவும் திருப்பிப் போடுவது, இத்தொழிலில் இறங்கும் விவசாயிகள் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ள வேண்டிய முறையாகும்.